வளாகச் சாலை யாருக்கு? நடக்கும் மாணவருக்கு இடம் தராத பல்கலைக்கழகங்கள்

புதுடெல்லி: நடைபாதை என்பது உள்ளாட்சி அமைப்புகள் மனமுவந்து அளிக்கும் வசதியன்று; அரசமைப்பின் 21ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று தெளிவுபடுத்தியது. கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோரைக் கொண்ட அமர்வு இவ்வாறு கூறியது. அதே வழக்கில் அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி பிரிவுகளின் கீழ் உரிய விதிகளை ஆறு மாதங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

இதன் அவசரத்தை எண்களே சொல்லும். 2022ஆம் ஆண்டில் நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். நகரச் சாலைகளில் இந்த நிலையைச் சீர்செய்வது எளிதன்று. மாநகராட்சி, பொதுப்பணித் துறை, காவல் துறை, மின்வாரியம், வணிகர்கள் என்று பல கைகள் ஒரே சாலையைப் பிடித்து இழுக்கின்றன. ஆனால் நிலமும் சாலையும் விளக்குக் கம்பமும் வாயிற்கதவும் ஒரே நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கும் இடங்களும் நம்மிடையே உண்டு. பல்கலைக்கழக வளாகங்கள் அத்தகையவை. விடுதியிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து நூலகத்துக்கும், அங்கிருந்து உணவுக்கூடத்துக்கும் நாள்தோறும் பலமுறை நடப்பவர்களே அங்கு மிகுதி. நடப்பதற்கு ஏற்ற ஓர் ஊரை இந்தியாவில் அமைத்துக் காட்ட முடியுமெனில், முதலில் இங்கேதான் முடிய வேண்டும்.

ஆயினும் பெரும்பாலான வளாகங்களில் அது நிகழவில்லை. நிதியும் நிலமும் இல்லாததால் நிகழவில்லை என்று சொல்வதற்கில்லை. நடைவசதி என்றால் நடைபாதை போடுவது என்று நிர்வாகங்கள் புரிந்துகொண்டிருக்கின்றன. வாகனம் எதுவரை வரலாம், எங்கே நிற்கலாம், யாருடைய வாகனத்துக்கு அனுமதி என்ற கேள்விகளே நடைவசதியைத் தீர்மானிப்பவை. அவற்றுக்கு விடை காண்பது மட்டும் தள்ளிப்போடப்பட்டு வருகிறது.

படிவத்தில் ஒரு கட்டம்

உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகார அவையின் (நாக்) கையேடுகளில் ஏழாவது அளவுகோல், நிறுவன விழுமியங்களையும் சிறந்த நடைமுறைகளையும் பற்றியது. பசுமை வளாக முயற்சிகள் என்ற தலைப்பில் அங்கே ஐந்து அம்சங்கள் கேட்கப்படுகின்றன: வாகன நுழைவுக் கட்டுப்பாடு, மிதிவண்டி அல்லது மின்கல வாகனப் பயன்பாடு, பாதசாரிகளுக்கு உகந்த பாதைகள், நெகிழித் தடை, மரம் செடிகளால் அழகுபடுத்துதல். நடப்பவரின் நலன் தேசிய அளவிலான மதிப்பீட்டுப் படிவத்தில் இடம்பெற்றது நல்ல தொடக்கம்தான். ஆனால் மதிப்பிடும் முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஐந்தில் நான்கு இருந்தாலே உச்ச மதிப்பு கிடைத்துவிடும். எனவே, வாகன நுழைவைக் கட்டுப்படுத்தும் கசப்பான முடிவை எடுக்காமலே, செடிகளை நட்டு, பாதை ஒன்றைக் காட்டி முழு மதிப்பும் பெறலாம். சான்றாகக் கேட்கப்படுபவை இடக்குறியிட்ட ஒளிப்படங்களும் ஆவணங்களும்.

ஒளிப்படத்துக்கென்றே அமைந்த பாதைகளை நாட்டின் பல வளாகங்களில் காணலாம். நிர்வாகக் கட்டடத்தின் முன்பு வண்ணக் கற்கள் பதித்து, இருபுறமும் குரோட்டன்ஸ் நட்டு, நூறு மீட்டர் நேர்த்தியாகச் செல்லும் பாதை முதல் சந்திப்பிலேயே முடிந்துவிடும். அதற்கு அப்பால் மின்மாற்றி, அதன் பின் இருசக்கர வாகனங்களின் வரிசை, அதையும் தாண்டினால் திறந்த மழைநீர் வாய்க்கால். மாணவர் சாலையில் இறங்கி நடக்கிறார். விடுதி வாசலிலிருந்து நூலக வாசல் வரை சாலையில் கால் வைக்காமல் நடக்க முடிகிறதா என்ற ஒற்றைக் கேள்வியைப் படிவம் கேட்டிருந்தால் பல நிறுவனங்களின் மதிப்பெண் சரிந்திருக்கும்.

எப்படி அமைக்க வேண்டும் என்பதில் குழப்பம் ஏதுமில்லை. இந்தியச் சாலைகள் காங்கிரசின் ஐஆர்சி 103 வழிகாட்டுதல், தடையற்ற நடைபரப்பு குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும் வரையறுக்கிறது. முழங்கால் உயரத்துக்கு எழுப்பப்பட்ட நடைபாதையில் முதியவரும் ஏறுவதில்லை, சக்கர நாற்காலியும் ஏறுவதில்லை. கடைசியில் அது வாகன ஓட்டிகள் உட்கார்ந்து கதைபேசும் திண்ணையாகிறது.

மாளவியாவின் அரைவட்டம்

சிக்கலின் முழு வடிவத்தையும் ஓரிடத்தில் காண வேண்டுமானால் வாரணாசிக்குச் செல்ல வேண்டும். மதன் மோகன் மாளவியா 1916இல் நிறுவிய பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஏறத்தாழ 1,300 ஏக்கர். லங்கா பகுதியில் உள்ள சிம்ம வாயிலைக் கடந்தால், அரைவட்டங்களாக வளைந்து செல்லும் சாலைகளும் அவற்றை ஆரக்கால்கள்போல் வெட்டும் சாலைகளும் விரிகின்றன. இருமருங்கும் அடர்ந்த மரங்கள். 2022இல் இவ்வளாகத்தில் நடந்த முதல் காசி தமிழ்ச் சங்கமத்துக்குச் சென்று வந்த தமிழர்கள் அந்த நிழலை மறந்திருக்க மாட்டார்கள். மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில், நடப்பவருக்கு அதைவிடப் பெரிய கொடை வேறில்லை. இந்த வளாகம் வரையப்பட்ட காலத்தில் கார் என்பது மிகச் சிலரின் உடைமை. நடப்பவரையும் மிதிவண்டியையும் மனத்தில் கொண்டே சாலைகள் பிறந்தன.

இன்று அதே சாலைகள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. சர் சுந்தர்லால் மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கிறது. கிழக்கு உத்தரப்பிரதேசம், பீகார் ஆகிய பகுதிகளிலிருந்து நோயாளிகள் இங்கு வருகின்றனர். புதிய விசுவநாதர் கோயிலும் உள்ளேயே உள்ளது. அதற்கு வரும் பக்தர்களும் சுற்றுலாப் பயணிகளும் தனி. இவர்களுக்கு நடுவில் பல்லாயிரம் மாணவர்கள். ஆம்புலன்சும் சுற்றுலாக் காரும் மாணவரின் மிதிவண்டியும் ஒரே தார்ச்சாலையில் வரும்போது, எடை குறைந்தவர் ஓரம்கட்டப்படுவது இயல்பு. வாயிலை மூடிவிடுங்கள் என்று சொல்வது எளிது. நோயாளியை எங்கே இறக்கிவிடுவது என்ற கேள்விக்கு அவ்வாறு சொல்பவரிடம் விடையிருக்காது. மருத்துவமனைக்கும் கோயிலுக்குமான போக்குவரத்தைத் தனிப் பாதையில் பிரித்து, விடுதிகளுக்கும் வகுப்பறைகளுக்கும் இடைப்பட்ட சாலைகளில் அது நுழையாமல் செய்வதே அங்கு பொருந்தும் வழி.

வாரணாசி கற்பிக்கும் இன்னொரு பாடம் இரவைப் பற்றியது. 2017 செப்டம்பர் 21 மாலையில் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவியிடம் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் அத்துமீறினர். அதைத் தொடர்ந்து வாயிலில் திரண்ட மாணவிகள் முன்வைத்த கோரிக்கைகளில் தெருவிளக்குகளும் சாலைப் பாதுகாப்பும் முக்கியமானவை. அந்தப் போராட்டம் தடியடியில் முடிந்தது. ஆறு ஆண்டுகள் கழிந்தன. 2023 நவம்பர் தொடக்கத்தில், அதே பெருவளாகத்தின் பகுதியான ஐஐடி பிஎச்யு-வில், நள்ளிரவுக்குப் பின் நடந்து சென்ற மாணவி மீது மோட்டார் சைக்கிளில் வந்த மூவர் பாலியல் வன்முறை நிகழ்த்தினர். அந்த ஆண்டின் இறுதி நாளில்தான் அவர்கள் கைது செய்யப்பட்டனர்.

இரண்டு நிகழ்வுகளிலும் பாதிக்கப்பட்டவர் நடந்து சென்றவர்; குற்றவாளிகள் வாகனத்தில் வந்து வாகனத்தில் மறைந்தவர்கள். நடைவசதி பற்றிய விவாதங்களில் இது ஏனோ பேசப்படுவதில்லை. இரண்டாவது நிகழ்வுக்குப் பிறகு இரு நிறுவனங்களுக்கும் இடையே சுவர் எழுப்பலாம் என்ற யோசனை எழுந்தது. வளாகத்தைத் துண்டாடுவதா என்று பிஎச்யு மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களது எதிர்ப்பில் நியாயம் உண்டு. சுவர் நடப்பவரின் வழியைத்தான் முதலில் நீட்டும். வண்டிக்கு இன்னொரு வாயில் இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத சாலை, கதவு பூட்டியிருந்தாலும் பாதுகாப்பானதன்று. நள்ளிரவு வரை திறந்திருக்கும் தேநீர்க் கடை, வெளிச்சமுள்ள நூலகம், நடப்பவரின் முகம் தெரியும் உயரத்தில் எரியும் விளக்கு ஆகியவை காவலரின் வேலையில் பாதியைச் செய்துவிடும். பல வளாகங்களில் உயரமான கம்பத்தின் வெளிச்சம் மரக்கிளைகளின் மேலேயே தங்கிவிடுகிறது. கீழே பாதை இருட்டு.

கான்பூரில் ஒரு முன்னுதாரணம்

வாகனத்தையும் நடப்பவரையும் பிரிக்க முடியாது என்று வாதிடுவோர் அதே மாநிலத்தில் உள்ள கான்பூர் ஐஐடியைப் பார்க்கலாம். 1960களில் கட்டடக் கலைஞர் அச்யுத் கான்விந்தே வடிவமைத்த அதன் கல்விப் பகுதியில் நூலகம், வகுப்பறைகள், ஆய்வுக்கூடங்கள் ஆகியவை நீண்ட கூரையிட்ட நடைவழிகளால் பிணைக்கப்பட்டன. வாகனச் சாலை விளிம்போடு நின்றுவிடும். கோடை வெயிலும் பருவமழையும் நடப்பவரைத் தொடாது. பின்னாளில் பெங்களூரு ஐஐஎம் வளாகத்தை வடிவமைத்த பி.வி. தோஷியும் நடைவழிகளையே கட்டடத்தின் முதுகெலும்பாக்கினார். வகுப்பு முடிந்த பின் உரையாடல் தொடரும் இடமாக அவர் அவற்றைக் கண்டார். நடைவசதி வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட கருத்து என்று எண்ணுவோர், அரை நூற்றாண்டுக்கு முன் நம் கட்டடக் கலைஞர்கள் எட்டிய இடத்திலிருந்து புதிய வளாகங்கள் எவ்வளவு பின்வாங்கியிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் எழும் புதிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நான்குவழிச் சாலை முதலில் வருகிறது. மரம் கடைசியில் வருகிறது.

சென்னை ஐஐடியின் வழி வேறு. அங்கே மாணவர்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. நடை, மிதிவண்டி, வளாகப் பேருந்து ஆகியவையே அவர்களுக்கான போக்குவரத்து. கிண்டி காட்டிலிருந்து பிரிந்த நிலம் அது. புள்ளிமான்களும் வெளிமான்களும் சாலையைக் கடக்கும். மான்களுக்கு வேண்டியிருந்த அமைதியில் மாணவர்களுக்கும் பங்கு கிடைத்தது என்று சொல்லலாம். காரக்பூர் ஐஐடியும் மிதிவண்டிகளின் வளாகமாகவே அறியப்படுகிறது.

இந்தத் தடைகள் பெரிதும் பயன் தந்துள்ளன என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றுக்குள் ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. தடை மாணவர்களுக்கு. பேராசிரியர், அலுவலர், விருந்தினர் ஆகியோரின் கார்களுக்கு அதே கண்டிப்பு பெரும்பாலும் இல்லை. ஏறத்தாழ எல்லா வளாகங்களிலும் துறைத் தலைவரின் கார், துறையின் வாசற்படியிலிருந்து பத்தடிக்குள் நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் உணவும் பொருளும் கொண்டுவரும் இருசக்கர வாகனங்கள் வேறு சேர்ந்துகொண்டன. குறித்த நேரத்துக்குள் சேர்ப்பிக்கும் நெருக்கடியில் ஓட்டுபவர்கள் அவர்கள். பொருள்களை வாயிலருகே பெற்றுக்கொள்ளும் கூடம் ஒன்று இருந்தால் அவ்வளவு வண்டிகளும் உள்ளே வரத் தேவையில்லை.

80 கார்களும் ஒரு கிலோமீட்டரும்

இடம் இல்லை என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். டெல்லி பெருந்திட்டம் திறந்தவெளியில் ஒரு கார் நிறுத்த, வந்து திரும்பும் வழியையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் ஒதுக்குகிறது. 1.8 மீட்டர் அகல நடைபாதையாக இதை மாற்றினால் நீளம் ஏறத்தாழ 12.8 மீட்டர். அதாவது 80 கார்கள் நிற்கும் பரப்பு, ஒரு கிலோமீட்டர் நடைபாதைக்குச் சமம். நடுத்தர அளவிலான ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தைச் சுற்றியே அத்தனை கார்கள் நிற்கக்கூடும். அவற்றை வளாக விளிம்புக்கு நகர்த்தி, அங்கிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்கலப் பேருந்து ஓட்டினால் இடம் தானாகவே கிடைக்கும். ஐந்து நிமிடம் என்பது இங்கே முக்கியம். இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் காத்திருப்பதற்குள் நடந்தே சேர்ந்துவிடலாம். அத்தகைய சேவை ஆண்டறிக்கையின் அட்டைப்படத்துக்கு மட்டுமே பயன்படும்.

வேகம் அடுத்தது. நடப்பவரும் வாகனமும் கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் நடந்த சாலைப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாட்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. ஐ.நா. பொதுச்சபையும் அதே ஆண்டு அந்தப் பிரகடனத்தை ஏற்றது. நம் வளாகங்களின் பலகைகள் பெரும்பாலும் அதைவிடக் குறைவான எண்ணையே காட்டுகின்றன. பலகையை யாரும் படிப்பதில்லை என்பதே சிக்கல். அகன்று நேராகச் செல்லும் சாலை ஓட்டுநரை வேகமெடுக்கத் தூண்டும். சாலையின் அகலத்தைக் குறைத்து, சந்திப்புகளில் நடைபாதையின் மட்டத்துக்கே சாலையை உயர்த்தினால் வண்டி தானே தயங்கும். நடப்பவர் இறங்கி ஏற வேண்டிய தேவையும் இராது.

அந்த ஏற்ற இறக்கம் சிலருக்கு அசௌகரியத்தோடு நின்றுவிடுவதில்லை; கல்வியையே மறுத்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அணுகல் தரநிலைகளைக் கட்டாயமாக்காமல் பரிந்துரையாக விட்டிருந்த விதி 15, அச்சட்டத்துக்கு முரணானது என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் பல வளாகங்களில் சாய்தளம் என்பது கட்டடத்தின் வாசலில் மட்டுமே இருக்கிறது. அந்த வாசல் வரை சக்கர நாற்காலி எப்படி வந்து சேரும் என்பதை யாரும் திட்டமிடவில்லை. பார்வைத்திறன் குன்றியோருக்கான மஞ்சள் தொடுதடம் மரத்தில் முட்டி நிற்பதும், நிறுத்தப்பட்ட ஸ்கூட்டருக்கு அடியில் மறைவதும் அரிய காட்சிகள் அல்ல.

வாயிலுக்கு வெளியே

வளாகத்துக்குள் எல்லாம் சரியாக அமைந்தாலும் சாலை வேறொருவருடையது என்றால் சிக்கல் தொடரும். சாந்திநிகேதன் இதற்கு எடுத்துக்காட்டு. விசுவ-பாரதி வளாகத்தின் ஊடே செல்லும் சாலையை மேற்கு வங்க அரசு 2017இல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. வழி மறிக்கப்படுவதாகக் குடியிருப்போர் முறையிட்டதை அடுத்து, 2020 டிசம்பர் இறுதியில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக முதலமைச்சர் மம்தா பானர்ஜி அறிவித்தார். 2023 செப்டம்பரில் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான பின்பு, கனரக வாகனங்களால் பழைய கட்டடங்களுக்கு ஆபத்து என்று கூறி, பல்கலைக்கழகம் மீண்டும் சாலையைக் கேட்டது. வாகனத்தைத் தடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு வேண்டும். நடந்து செல்லும் ஊர்மக்களைத் தடுக்கும் உரிமை அதற்கு இருக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதி ஒப்பமிட்டிருந்தால் இரு தரப்பும் மோதியிருக்க வேண்டியதில்லை.

டெல்லி பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்துக்கோ சுற்றுச்சுவரே இல்லை. கல்லூரிகள் தத்தம் மதிலுக்குள் இருக்க, அவற்றுக்கு இடையே ஓடும் சத்ரா மார்க் போன்றவை நகரச் சாலைகள். 2004 டிசம்பரில் விசுவவித்யாலயா மெட்ரோ நிலையம் திறக்கப்பட்ட பின் நாள்தோறும் அலையலையாக மாணவர்கள் அங்கிருந்து கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். நடக்கும் தொலைவுதான், ஆனாலும் மின்ரிக்‌ஷாக்கள் நிரம்பி வழிகின்றன. நிழலும் தொடர்ச்சியும் உள்ள பாதை ஒன்று இருந்தால் இவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து ஏறுவார்கள் என்பது யோசிக்கத்தக்கது.

உச்ச நீதிமன்றம் கோரிய விதிகள் இந்த வளாகங்களைச் சென்றடையுமா என்பதில் ஒரு சட்டச் சந்தேகமும் உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(34) பிரிவு, பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள சாலையையும் இடத்தையுமே பொது இடம் என்கிறது. டெல்லியின் சத்ரா மார்க் அதில் அடங்கும். காவலர் அடையாள அட்டை கேட்கும் வாயிலுக்கு உட்பட்ட சாலை அடங்குமா என்பது வாதத்துக்குரியது. மாநில அரசுகள் விதிகளை வகுக்கும்போது கல்வி நிறுவன வளாகச் சாலைகளையும் வெளிப்படையாகச் சேர்த்தால் இந்தச் சந்தேகம் நீங்கும். மாநிலங்கள் தயங்கினால், பல்கலைக்கழக மானியக் குழு ஐஆர்சி 103இன் அளவுகளைத் தன் விதிமுறையாக அறிவிக்கலாம். விடுதியிலிருந்து நூலகம் வரையிலான வழியைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் மாணவர்களோடு நடந்து பார்த்து ஆண்டுதோறும் அறிக்கை தருமாறும் நிறுவனங்களைப் பணிக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவைப்படாது.